பதினேழும் நூற்றைம்பத்துமூன்றும்

உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் சீடருக்குக் காட்சியளித்த நாளில் வலையில் அகப்பட்ட மீன்கள் 153 என யோவான் 21:11 கூறுகிறது. இவ்வெண் எதைக் குறிக்கிறது? திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகளிலிருந்தே எழுந்துவரும் இவ்வினாவிற்கு அளிக்கப்பட்ட விடைகளுள் புகழ்பெற்ற ஒன்று, பதினேழு என்னும் எண்ணைச் சார்ந்தது. அவ்வெண்ணின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

17 ஒரு பகா எண். 1 முதல் 17 வரையுள்ள எண்களைக் கூட்டினால் 153 கிடைக்கும். இதனைச் சுட்டிக்காட்டிய ஹிப்போவின் பேராயர் அகுஸ்தீன் (354–430), பத்துக் கட்டளைகளையும், ஏசாயா 11ஆம் அதிகாரத்தில் திருச்சபை கண்ட ஆவியின் ஏழு கொடைகளையும் சேர்த்துப் பதினேழு என்றார். ஆவியின் அருளால் கட்டளையை நிறைவேற்றுவோர் அனைவரையும் அம்மீன்கள் குறிக்கின்றன என்பது அவர்தம் விளக்கம்.

ஆயினும் பிறர் இவ்வெண்ணை வேறு விதமாகவே கண்டனர். எகிப்தியர் ஒசிரிஸின் இறப்பை 17ஆம் நாளோடு இணைத்தனர் என்றும், பித்தகோரஸின் வழிவந்தோர் இவ்வெண்ணை வெறுத்தனர் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். பக்கம் 4 கொண்ட சதுரத்தின் சுற்றளவும் பரப்பும் 16. பக்கங்கள் 3, 6 கொண்ட செவ்வகத்தில் அவ்விரண்டும் 18. இவற்றின் நடுவே 17 தடையாக நிற்கிறதாம்! இத்தாலியில் இன்றும் பலர் 17ஐத் தீய எண்ணாகக் கருதுகின்றனர்.

அந்த எண்ணே 1796இல் கணிதத்திற்கு ஒரு புதுவழி திறந்தது. பத்தொன்பது வயது நிரம்பாத காவுஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு பதினேழு பக்க ஒழுங்குப் பலகோணத்தை வரைய இயலும் என நிறுவினார். 17ஐவிட ஒன்று குறைந்த 16, இரண்டின் அடுக்காயிருப்பதே அதற்கு அடிப்படை.

இவற்றால் நாம் அறிவது யாது? எண்ணின் இயல்பு எவர்க்கும் ஒன்றே. அதன்மேல் ஏற்றப்படும் பொருளோ ஆளுக்கு ஆள் மாறுகிறது. எண்ணும்கூடச் சில இடங்களில் மூலத்திற்கு மூலம் வேறுபடுகிறது. பெருவெள்ளம் தொடங்கியது மாதத்தின் 17ஆம் நாள் என எபிரெய மூலம் கூற (ஆதியாகமம் 7:11), கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு 27ஆம் நாள் என்கிறது.

அகுஸ்தீன் மீன்களை எண்ணி அருளின் உபதேசத்தைக் கண்டுபிடிக்கவில்லை. எழுத்து கொல்லும், ஆவியே உயிர்ப்பிக்கும் என்பதைப் பவுலிடம் கற்றபின்னரே (2 கொரிந்தியர் 3:6) அதனை எண்ணில் கண்டார். இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, எண்களைக் கணித்து ஆண்டவருடைய வருகையின் நாளைக் குறிப்போரால் சபையார் கலங்குவதை நாம் அறிவோம். அருளுரையாளர் கணக்கின் வியப்பைக் கூறலாம். அதன்மேல் விசுவாசத்தைக் கட்டலாகாது. 153 என்ற நற்செய்தியாளர் அடுத்துக் கூறுவது, வலை கிழியவில்லை என்பதே. அதனைப் பிரசங்கிப்பது நம் கடன்.