முதுமையில் மனச்சோர்வும் வாய்நலமும்

முதியோரிடம் மனச்சோர்வும் பல், ஈறு நோய்களும் பல நேரங்களில் சேர்ந்தே காணப்படுகின்றன. மனம் சோர்ந்தால் வாய்ப் பராமரிப்பு குலைகிறது. வாய் கெட்டால் உணவும் பேச்சும் குறைந்து மனச்சோர்வு கூடுகிறது. இரண்டையும் ‘வயதானால் அப்படித்தான்’ என்று குடும்பங்கள் விட்டுவிடுவதால் சிகிச்சை தாமதமாகிறது. வறுமை, தனிமை, நீரிழிவு, மறதிநோய் ஆகியவை இரண்டுக்கும் பொதுவான காரணங்கள்.

மனச்சோர்வின் விளைவுகள்

மனச்சோர்வில் எதையும் செய்யும் ஊக்கம் குன்றும். பல் துலக்குவதும் இரவில் பல்செட்டைக் கழற்றிக் கழுவி வைப்பதும் விட்டுப்போகும். சமைத்து உண்ண மனமின்றிப் பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட தேநீருமாக நாளைக் கழிப்பவருக்குச் சொத்தை எளிதில் வரும். புகையிலைப் பழக்கம் இருந்தால் ஈறுநோய் மேலும் முற்றும்.

மருந்துகளின் பங்கு

மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளும் வாயைப் பாதிக்கலாம். அவற்றில் அமிட்ரிப்டிலின் போன்ற டிரைசைக்ளிக் வகை மருந்துகள், உமிழ்நீரைச் சுரக்கத் தூண்டும் அசிட்டைல்கோலினின் செயலைத் தடுத்து வாயை வறளச் செய்கின்றன. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் வகைகளில் வறட்சி பொதுவாகக் குறைவு. ஆனால் சிலருக்குப் பற்களை நறநறவெனக் கடிக்கும் பழக்கம் தோன்றுகிறது. ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டருக்கும் குறைவாக உமிழ்நீர் சுரந்தால் அது குறைசுரப்பு எனப்படும்.

உமிழ்நீர் அமிலத்தின் கடுமையைத் தணித்துப் பற்களைக் காக்கிறது. ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதிக்கு எனாமல் இல்லாததால் வறண்ட வாயில் அங்கே சொத்தை விரைந்து பரவும். மேல்தாடைப் பல்செட் அண்ணத்தோடு ஒட்டி நிற்பதற்கும் மெல்லிய உமிழ்நீர்ப் படலம் வேண்டும். அது வற்றினால் பல்செட் நழுவி ஈறில் உராய்ந்து புண்ணாக்கும். காண்டிடா பூஞ்சையும் பெருகும்.

வாய்க்கேட்டின் விளைவுகள்

பற்களை இழந்தவர்கள் கறி, நிலக்கடலை, பச்சைக் காய்கள் முதலியவற்றைத் தவிர்ப்பதால் சத்துக் குறைகிறது. முன்பற்கள் இல்லையென்றால் ‘த’, ‘ஸ’ ஒலிகள் தெளிவாக வருவதில்லை. சிரிக்கையில் வாயைப் பொத்திக்கொள்வதும், பந்தியில் உட்காரக் கூசி விழாக்களுக்கே போகாமல் இருப்பதும் தனிமையை வளர்க்கின்றன. தீராத பல்வலி உறக்கத்தையும் கெடுக்கிறது. நாள்பட்ட ஈறு அழற்சி இரத்தத்தில் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்களைக் கூட்டக்கூடும். அழற்சிக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட்டு வருகிறது.

கண்டறிதலும் பராமரிப்பும்

1982-இல் வெளியான முதியோர் மனச்சோர்வு அளவுகோலில் 30 கேள்விகள் உள்ளன. 15 கேள்விகள் கொண்ட சுருக்கவடிவம் 1986-இல் வந்தது. 1990-இல் உருவான முதியோர் வாய்நல மதிப்பீட்டுக் குறியீட்டின் 12 கேள்விகளில், பிறர் முன்னிலையில் உண்ணச் சங்கடப்படுவது பற்றியும் கேட்கப்படுகிறது. பல்செட் அழுக்கேறியிருப்பதையும் குறித்த நாளில் வராமல் போவதையும் கவனிக்கும் பல் மருத்துவர் மனநிலையை விசாரிக்கலாம். மனநல மருத்துவர் வாய் வறட்சியைக் கேட்டறியலாம்.

ஃப்ளூரைடு பற்பசை, அடிக்கடி ஒரு வாய்த் தண்ணீர், சர்க்கரையில்லாத சூயிங்கம் ஆகியவை வறட்சியின் தீங்கைக் குறைக்கும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. அளவையோ மருந்தையோ மருத்துவரே மாற்ற வேண்டும். சோர்வு மிகுந்த நாள்களில் பல் துலக்குவதற்கு வீட்டார் துணை தேவை.

பல் இழப்பு தவிர்க்க முடியாததல்ல. 80 வயதிலும் 20 பற்கள் என்ற இலக்கோடு ஜப்பான் 1989-இல் ‘8020’ இயக்கத்தைத் தொடங்கியது. 2016 கணக்கெடுப்பில் அவ்வயதினரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்த இலக்கை எட்டியிருந்தனர். முதுமை மனச்சோர்வும் மருந்துக்கும் உளவியல் சிகிச்சைக்கும் கட்டுப்படக்கூடியதே.