மத்தி வரும், மத்தி போகும்

மீன் சந்தையில் ஏழைகளின் மீன் எது என்று கேட்டால் வெகுகாலம் ஒரே பதில்தான்: மத்தி. கன்னியாகுமரிப் பக்கம் சாளை என்பார்கள். இதில் உடம்பில் எண்ணெய் அதிகமுள்ள இனத்துக்கு நெய்மத்தி, நெய்ச்சாளை என்று பெயர். அறிவியல் பெயர் சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ். நன்றாக வளர்ந்தாலும் ஒரு சாண் நீளம்தான் இருக்கும்.

ஆனால் இந்தச் சிறிய மீன் மேற்குக் கடற்கரையில் பெரிய பெரிய கணக்குகளையெல்லாம் பொய்யாக்கியிருக்கிறது. ஒரு வருடம் தின்று தீராமல் தென்னைக்கு உரமாகக் கொட்டும் அளவுக்கு வந்து குவியும். இன்னொரு வருடம் கறிக்குக்கூடக் கிடைக்காது. ஏன் இப்படி? நூறு வருடங்களுக்கும் மேலாகப் பலர் இந்தக் கேள்விக்குப் பதில் தேடியிருக்கிறார்கள். நடுவில் ஒரு தப்புக் கணக்கும் நடந்தது.

எண்ணெய்க்காக ஒரு மீன்

ஆங்கிலேயர் காலத்தில் மலபார், தென் கன்னடம் இரண்டும் சென்னை மாகாணத்தில் இருந்தன. ஐஸ் வசதி கிடையாது. மத்தியோ பிடித்த சில மணி நேரத்தில் கெட ஆரம்பித்துவிடும். அதனால் தின்றதுபோக, உப்பிட்டதுபோக மிஞ்சியது கடற்கரை மணலில் காய்ந்து உரமானது. அதிலிருந்த எண்ணெய் முழுக்க வீண்!

1907 இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கென்று தனி அலுவலகம் தொடங்கப்பட்டது. அதற்குக் காரணமாக இருந்தவர் பிரடெரிக் நிக்கல்சன். அங்கே பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல் மத்தித் தொழிலைப் பற்றி 1910 இல் ஓர் அறிக்கை எழுதினார். மீனைக் கொப்பரையில் வேகவைத்துப் பிழிந்தால் எண்ணெய் தனியாக வந்துவிடும், சக்கையைக் காயவைத்தால் நல்ல உரமாகும் என்ற எளிய முறை மீனவர்களிடையே பரவியது. அடுத்த சில வருடங்களில் மலபார் கரையில் நூற்றுக்கணக்கான சிறு தொழிற்சாலைகள் வந்தன. எண்ணெய் தோல் பதனிட உதவியது. உரம் தோட்டங்களுக்குப் போனது.

ஒரே ஒரு சிக்கல். இந்தத் தொழிற்சாலைகள் அத்தனையும் ஒரே மீனை நம்பியிருந்தன. மீன் வராத வருடம் கொப்பரையில் போட ஒன்றும் இல்லை.

1943 இல் வந்த தடை

1940களின் தொடக்கத்தில் மத்தி கிட்டத்தட்டக் காணாமல் போனது. காரணத்தை ஆராய்ந்த டி. டபிள்யூ. தேவநேசன் 1943 இல் தன் ஆய்வை வெளியிட்டார். குஞ்சு மீனையும் சினை மீனையும் அளவில்லாமல் பிடித்ததால்தான் இந்த நிலை என்பது அப்போது வலுவாக இருந்த கருத்து. மலபாரில் ஒரு வலைக்குப் பெயரே மத்திக்கொல்லி வலை! அந்த வருடமே சென்னை அரசு குஞ்சு மத்தியையும் சினை மத்தியையும் பிடிக்கக் கட்டுப்பாடுகள் விதித்தது.

கட்டுப்பாடுகளால் மீன் திரும்பி வந்ததா? இல்லை. நீண்ட கடற்கரையில் ஒவ்வொரு தோணியையும் யார் சோதிப்பது? சில வருடங்களிலேயே அவை விலக்கிக்கொள்ளப்பட்டன.

இதைவிட வேடிக்கை பிறகு நடந்தது. 1956 இல் நாடு முழுவதும் பிடிபட்ட நெய்மத்தி சுமார் 7,000 டன். அடுத்த வருடமே அது ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது! ஒரே வருடத்தில் தோணிகள் மாறிவிடவில்லை, வலைகளும் மாறிவிடவில்லை. 1968 இல் சுமார் 3 லட்சம் டன் பிடிபட்டது. மீனவர் கையில் இல்லாத ஏதோ ஒன்று இந்த மீனை ஆட்டிவைக்கிறது என்பது தெளிவானது.

மழையும் மீனும்

அது என்ன? தென்மேற்குப் பருவமழைதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றின் போக்கால் கேரளக் கரையோரம் கடலின் அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பெருகுகின்றன. அவைதான் மத்தியின் உணவு. மத்தி முட்டையிடுவதும் அதே மாதங்களில்தான்.

மழையும் உணவும் முட்டையும் ஒன்றாக அமைந்தால் கோடிக்கணக்கான குஞ்சுகள் பிழைக்கும். ஒன்று தவறினாலும் அந்த வருடத்துத் தலைமுறையே நலிந்துவிடும். மத்தியின் ஆயுள் இரண்டு, இரண்டரை வருடம்தான். ஒரே வருடத்தில் முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும். அதனால்தான் அது விழுவதும் வேகமாக, எழுவதும் வேகமாக நடக்கிறது.

இதையெல்லாம் சொல்ல முறையான கணக்கு வேண்டும். 1947 இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைச் செய்தது. 1971 இல் கொச்சிக்கு மாறும் வரை இதன் தலைமையகம் இருந்தது நம் மண்டபத்தில்தான் என்பது பலருக்குத் தெரியாது. மீன் இறங்கும் கரைகளில் சிலவற்றை முறைப்படி தேர்ந்தெடுத்து, அங்கே ஆட்கள் நேரில் போய் எடுத்த கணக்கிலிருந்து மொத்தப் பிடிப்பை மதிப்பிடுகிறார்கள்.

வலை மாறியது

1970களின் நடுவில் கர்நாடகக் கரைக்கு விசைப்படகுச் சுருக்குமடி வலை வந்தது. அதுவரை அங்கே ரம்பணி என்ற பெரிய கரைவலை இருந்தது. ஊரே கூடி இழுக்கும், பங்கு பிரித்துக்கொள்ளும். மத்தியும் அயிலையும் கரைக்கு வரும்முன்பே கடலில் வளைக்கப்பட்டதால் சில வருடங்களில் ரம்பணி படுத்துவிட்டது. இரு தரப்புக்கும் கடும் மோதல்கள் நடந்தன.

கேரளத்தில் 1980களில் நாட்டுப் படகுக்காரர்களே வளையவலையை எடுத்துக்கொண்டார்கள். விசைப்படகுகளோடு போட்டி போட அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. பிறகு வலை நீண்டுகொண்டே போனது, எஞ்சினின் குதிரைசக்தியும் ஏறிக்கொண்டே போனது. கூடவே கடனும்.

இதே காலத்தில் மத்தி இன்னொரு ஆச்சரியத்தையும் காட்டியது. முன்பு மேற்குக் கரையின் மீனாகவே இருந்தது, 1980களின் பின்பாதியிலிருந்து தமிழகம், ஆந்திரக் கரைகளிலும் பெருமளவில் பிடிபட ஆரம்பித்தது.

3,297 டன்

2012 இல் கேரளத்தில் மட்டும் சுமார் 3.9 லட்சம் டன் நெய்மத்தி இறங்கியது. 2021 இல் இறங்கியது வெறும் 3,297 டன். நூறில் ஒரு பங்குகூட இல்லை! 1994 க்குப் பிறகு இவ்வளவு குறைந்தது அதுவே முதல் முறை. 2015 இல் வந்த எல் நினோவால் கடல் சூடானது ஒரு காரணம். ஏற்கெனவே அளவு மீறிப் பிடித்தது இன்னொரு காரணம். ஏழைகளின் மீன் ஏழைகளுக்கு எட்டாத விலைக்குப் போனது.

இதற்கு நடுவில், 2015 இல், 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கேரள அரசு விதி கொண்டுவந்தது. 72 வருடங்களுக்கு முன் சென்னை அரசு சொன்ன அதே யோசனை! அப்படியானால் தேவநேசன் சொன்னது சரியா, தப்பா?

பாதி சரி. மத்தியின் வரவைத் தீர்மானிப்பது கடல்தான். எந்தச் சட்டமும் மழையைக் கொண்டுவராது. ஆனால் கெட்ட வருடத்தில் மிஞ்சுகிற கொஞ்சம் மீன்தான் அடுத்த நல்ல மழைக்கு முட்டையிட வேண்டும். தோணியும் கொல்லி வலையும் இருந்த காலத்தில் அந்தக் கொஞ்சம் எப்படியோ தப்பியது. எதிரொலிக் கருவி வைத்துத் தேடுகிற, ஒரு கிலோமீட்டர் வலை விரிக்கிற காலத்தில் அது தானாகத் தப்பும் என்று நம்ப முடியாது. 1943 இல் அவசரப்பட்டதாகத் தெரிந்த விதி இன்று அவசியமானதற்குக் காரணம், மீன் மாறியதல்ல, வலை மாறியதுதான்.

2023 இல் கேரளத்தில் மீண்டும் சுமார் 1.38 லட்சம் டன் நெய்மத்தி இறங்கியது. மத்தி இப்படித் திரும்பி வருவது இது முதல் முறையல்ல. ஆனால் அது வராத வருடங்களில் பட்டினி கிடந்தவர்கள் விதி எழுதியவர்களோ எண்ணெய் வாங்கியவர்களோ அல்ல, வலை இழுத்தவர்கள். குஞ்சு மீனை விட்டுவைப்பதால் முதலில் பிழைப்பதும் அவர்கள் வீட்டு அடுப்புதான்.