கிருமி என்னும் சொல்லும் தக்காளியின் வேரும்

தக்காளி என்னும் சொல் பழையது; இன்று நாம் உண்ணும் கனி புதியது. முன்பு அச்சொல் தானே முளைக்கும் ஒரு சிறு செடியைக் குறித்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கனியைச் சீமைத்தக்காளி என்றனர். நாளடைவில் ‘சீமை’ உதிர்ந்தது. வந்த செடிக்குப் பெயர் எளிதில் அமைந்தது. அதன் வேரைக் காக்கும் நுண்ணுயிர்களுக்கோ இன்னும் அமையவில்லை.

கிருமி என்பது வடசொல். கண்ணுக்குத் தெரியும் புழுவைக் குறித்த அது, நுண்ணுயிரியல் வளர்ந்தபின் நோயுண்டாக்கும் சிற்றுயிருக்கு ஆகிவந்தது. ‘கிருமிநாசினி’ என்னும்போது அழிக்கும் எண்ணமே முன்னிற்கிறது.

அவ்வெண்ணத்திற்குக் காரணம் உண்டு. தக்காளியை வாடச்செய்யும் பாக்டீரியாவை 1896இல் எர்வின் ஸ்மித் விவரித்தார். இலை பச்சையாக இருக்கும்போதே செடி துவளும். தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்தினால் பால்போன்ற இழை இறங்கும். மாணவர்கள் இதனைக் கண்ணாடிக் குவளையிலேயே காணலாம். வெப்பமும் ஈரமும் அதற்கு உகந்தவை. கேமரன் மலையின் குளிரில் செழிக்கும் தக்காளி, கம்போங் மேடான் போன்ற தாழ்நிலத்தில் தொல்லைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே மண்ணில் துணைவரும் உளர். வேரைச் சூழ்ந்த மண்ணை 1904இல் லோரன்ஸ் ஹில்ட்னர் தனித்துப் பிரித்துப் பெயரிட்டார். தமிழில் அது வேர்மண்டலம், நல்ல ஆக்கம். 1978இல் க்ளோப்பரும் ஷ்ராத்தும் வேரில் குடியேறிப் பயிரை வளர்க்கும் பாக்டீரியாக்களைத் தனி வகையாக வகுத்தனர். தமிழ் வழங்கும் உழவர் உலகிற்கு இவ்வறிவைக் கொணர்ந்ததில் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற்குப் பெரும்பங்குண்டு. 1990களில் அங்கு ‘பிஎஃப் 1’ என்னும் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் வகையை டால்க் பொடியில் கலந்து உருவாக்கினர். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் என்பது பரிந்துரை.

அது வேரில் முந்தி இடம்பிடிக்கிறது. நோயுயிருக்கு வேண்டிய இரும்பைக் கவர்கிறது. செடியின் தற்காப்பை முன்கூட்டியே எழுப்புகிறது. முற்றிலும் வாடிய செடியை மீட்காது. ஆகவே விதையிலும் நாற்றிலும் இடவேண்டும்.

இங்கேதான் சொல் வினையாகிறது. பொட்டலத்தில் இருப்பது உயிர் என்று அறியாதவர் அதனை வெயிலில் வைப்பார். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துடன் கலப்பார். வேளாண் நூல்கள் இதனை ‘எதிர் உயிரி’ என்கின்றன. ஆனால் ஆண்டிபயாட்டிக் மருந்துக்கும் அப்பெயரை வழங்குவோர் உளர். காக்கும் உயிருக்கும் அதனையே கொல்லக்கூடிய மருந்துக்கும் ஒரே பெயர்! ‘வளர்ச்சி ஊக்கி’ என்பதோ ஹார்மோனையும் குறிக்கும். ‘வேர்த்துணை’ என்பது என் பரிந்துரை. வகுப்பறையில் வழங்கிப் பார்த்து, பொருந்தாவிடில் ஆசிரியர்களே வேறொன்று ஆக்கித் தரலாம்.