1962: மார்செய் துறைமுகமும் ஒரு வெப்பமானியும்

"வெளியில இருந்து வந்த ஆக்களாலதான் எங்கட வேலை போச்சு" என்ற கதை எந்த நாட்டிலும் உண்டு. ஒரு பக்கம் அதைச் சத்தமாகச் சொல்லும், மற்றப் பக்கம் அதைவிடச் சத்தமாக மறுக்கும். ஆனால் இது அளந்து பார்க்கக்கூடிய ஒரு கேள்வி. அந்த அளவை எவ்வளவு சிக்கலானது என்பதற்கு 1962 இன் பிரான்ஸை எடுத்துப் பார்ப்போம்.

அந்த வருடம் மார்ச்சில் எவியன் உடன்படிக்கை கையெழுத்தானது, யூலையில் அல்ஜீரியா சுதந்திர நாடானது. பரம்பரையாக அங்கே வாழ்ந்த, 'பியே நுவார்' எனப்பட்ட ஐரோப்பியச் சனம் பெட்டி படுக்கையோடு கப்பலேறியது. திரும்பியவர்கள் மொத்தம் ஏறத்தாழ 9 இலட்சம் பேர். குடியேற்ற ஆட்சியின் பலனை அனுபவித்தவர்கள்தான், அதை மறக்கத் தேவையில்லை. ஆனாலும் மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோது அவர்கள் வேண்டாத விருந்தாளிகள். வேறெங்காவது போகட்டும் என்று நகர மேயர் கஸ்தோன் டெஃபேரே வெளிப்படையாகவே சொன்னார்.

இவர்களால் உள்ளூர்க்காரரின் சம்பளம் குறைந்ததா? கனபேர் வந்த ஊரையும் கொஞ்சப்பேர் வந்த ஊரையும் ஒப்பிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. சனம் வேலை இருக்கிற இடத்தைத் தேடித்தான் போகும். செழிப்பான ஊருக்கு ஆக்களும் வருவார்கள், அங்கே சம்பளமும் கூடும். அந்தக் கணக்கை அப்படியே வாசித்தால் குடியேறிகள் சம்பளத்தைக் கூட்டுகிறார்கள் என்று வரும். வாடகை மலிவென்று நொடிந்த ஊருக்குப் போனால் பழி முழுக்க அவர்கள் தலையில் விழும். எது காரணம், எது விளைவு என்று பிரிக்கேலாது.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 'கருவி மாறி' என்ற முறை. ஆக்களை ஓர் ஊருக்கு இழுக்கிற, ஆனால் வேறு எந்த வழியாலும் அந்த ஊர்ச் சம்பளத்தைத் தொடாத ஒன்றைத் தேடிப் பிடிப்பது. 1928 இல் பிலிப் ரைட் வெளியிட்ட, எண்ணெய்கள் மீதான இறக்குமதித் தீர்வை பற்றிய ஒரு நூலின் பின்னிணைப்பில்தான் இந்த யோசனை வந்தது. அதை எழுதியது அவரா, மகன் சூவல் ரைட்டா என்று பிறகு பெரிய வாதமே நடந்தது.

1992 இல் ஜெனிபர் ஹன்ட் பிரான்ஸுக்கு எடுத்த கருவிகளில் ஒன்று வெப்பநிலை! அல்ஜீரிய வெயிலுக்குப் பழகியவர்கள் வெப்பமான தெற்கையே நாடினார்கள். மற்றது, முன்னரே திரும்பி வந்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்பது. இதை எங்கட ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை. முதல் போனவர் இருக்கிற இடத்துக்குத்தான் அடுத்தவர் போவார், பாரிஸின் லாச்சப்பலைப் பார்த்தால் விளங்கும்.

1968 இல் தொழிற்படையில் 1.6 சதவீதமாக இருந்த இந்தத் திரும்பியோரால் மற்றவர்களின் வேலையின்மை கூடியது அதிகபட்சம் 0.3 சதவீதப் புள்ளி, 1967 இன் வருட வருமானம் குறைந்தது அதிகபட்சம் 1.3 சதவீதம் என்று ஹன்ட் முடிவுக்கு வந்தார்.

நாங்கள் இதோடு திருப்திப்படவில்லை. வெயில் உண்மையிலேயே சுத்தமான கருவியா? சுற்றுலாவும் வெயிலைத் தேடித்தானே போகிறது, தெற்கின் சம்பளத்தை அதுவும் மாற்றியிருக்கலாம். பழைய குடியேற்றம் என்ற கருவியிலும் ஓட்டை உண்டு. வருடாவருடம் அதே ஊர்களுக்கே ஆக்கள் போனால், நாங்கள் அளப்பது புதிதாக வந்தவர்களின் தாக்கமா, பத்து வருடத்துக்கு முன் வந்தவர்களின் தாக்கம் ஆறிவருவதா என்று சொல்லேலாது.

2017 இல் போர்ஹாஸும் மொன்ராஸும் இதே 1962 ஐத் திரும்பக் கிளறினார்கள். எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுக்காமல், வந்தவர்களின் அதே படிப்பு மட்டத்தில் இருந்த உள்ளூர்க்காரரைத் தனியாகப் பார்த்தால் பாதிப்பு தெரிகிறது, மற்றப் பிரிவினருக்கோ நன்மை என்றார்கள். எங்களுக்கு இந்தப் பிரிப்பு முக்கியமாகப் படுகிறது. சராசரியில் 1.3 என்பது ஒரு தனி ஆளின் வீட்டில் முழுச் சம்பளமாக இருக்கலாம்.

இன்னொரு கூட்டமும் அதே வருடம் வந்தது. பிரெஞ்சு இராணுவத்தோடு நின்ற அல்ஜீரிய முஸ்லிம்களான ஹார்க்கிகள். அவர்களில் பலர் ரிவ்சால்ட் போன்ற முகாம்களில் அடைக்கப்பட்டு, பிறகு காட்டு வேலைக்கென்று தனிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ரிவ்சால்டும் வெப்பமான தெற்கில்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் வெயிலைத் தேடி அங்கே போகவில்லை, அரசு கொண்டுபோய் விட்டது.