சுதைவேலைக்காரர் மேயரான கதை

போருக்குப் பிந்தைய ஜெர்மனி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது அடினாவர், மார்ஷல் திட்டம், பெர்லின் சுவர். சரி, இடிஞ்சு கிடந்த ஊர்களை நடத்தினது யாரு? இதைத் தேடப் போய்த்தான் வில்ஹெல்ம் கைசனைப் பற்றிப் படித்தேன்.

1887-ல் ஹாம்பர்க்கில், தொழிலாளி வீட்டில் பிறந்தவர். கற்ற தொழில் சுதைவேலை. வசதியானவர்கள் வீட்டு உட்கூரையிலும் சுவரிலும் சாந்தால் பூவேலை செய்வது. சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து, பெர்லினில் இருந்த கட்சிப் பள்ளியில் ரோசா லக்சம்பர்க்கிடம் பாடம் கேட்டார். உடன் படித்த ஹெலனே ஷ்வைடாவைப் பின்னால் மணந்தார். 1933-ல் நாஜிகள் வந்தபோது பிரேமன் நகர அரசில் மக்கள் நலத்துறையைக் கவனித்துக்கொண்டிருந்தார். பதவி போனது. கைதும் செய்யப்பட்டார்.

வெளியே வந்தவர் நகர ஓரத்தில் போர்க்ஃபெல்ட் என்ற இடத்தில் கொஞ்சம் நிலம் வாங்கி விவசாயம் பார்க்கப் போய்விட்டார். பன்னிரண்டு வருஷம்! தலைமறைவு இயக்கம் எதையும் நடத்தவில்லை. நாஜிகளோடு சேரவும் இல்லை.

1945-ல் பிரேமன் பாதிக்கு மேல் இடிந்து கிடந்தது. சுற்றிலும் பிரிட்டிஷ் மண்டலம். ஆனால் தங்கள் படைக்குத் துறைமுகம் வேண்டும் என்பதால் பிரேமனை மட்டும் அமெரிக்கர்கள் வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய அதிகாரிகள் வயலுக்கே போய் கைசனைக் கூப்பிட்டார்கள். ஆகஸ்ட் 1 அன்று மேயரானார்.

அவர் செய்ததில் இரண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, பக்கத்து மாநிலத்தோடு கரைந்துபோக இருந்த பிரேமனை, பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தோடு சேர்த்து 1947-ல் தனி மாநிலமாக நிலைக்க வைத்தது. ரெண்டாவது, தொழிலாளர்களையும் வணிகர்களையும் ஒரே அரசில் உட்கார வைத்தது. 1955 தேர்தலில் 100 இடங்களில் 52 அவர் கட்சிக்கே கிடைத்தது. தனியாவே ஆண்டிருக்கலாம். ஆனாலும் கூட்டணியைக் கலைக்கவில்லை. கப்பலும் சரக்கும் இல்லாமல் பிரேமன் தொழிலாளிக்குச் சோறு இல்லை என்பது அவர் கணக்கு.

இதற்கு விலையும் கொடுத்தார். கட்சித் தலைவர் ஷூமாகர் எதிர்த்த ஐரோப்பிய கவுன்சிலை ஆதரித்ததால், 1950 மாநாட்டில் கட்சியின் தலைமைக் குழுவிலிருந்து தோற்கடிக்கப்பட்டார். ஆனால் ஊர் கைவிடவில்லை. 1965 வரை அவர்தான் மேயர்.

அந்தப் பன்னிரண்டு வருஷ மௌனத்தை எப்படி எடுத்துக்கொள்வது? வீரம் என்று சொல்ல மாட்டேன். சிறையிலும் முகாமிலும் செத்த தோழர்களுக்கு அது நியாயமாகாது. ஆனா கோழைத்தனம்னும் சொல்ல மனசு வரல. எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் கறைபட்டிருந்த ஊரில், கூப்பிட்டு நிறுத்த ஒரு சுத்தமான கை தேவைப்பட்டது. அந்தக் கை வயலில் இருந்தது.

மேயரான பிறகும் அவர் நகரத்துக்குக் குடிமாறவில்லை. 1979-ல் இறக்கும் வரை அதே போர்க்ஃபெல்ட் வீடுதான்.