மூன்றாவது தசமத்தில் ஒளிந்திருந்த வாயு



கெமிஸ்ட்ரி லேப் என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வரும்? எனக்கு பியூரெட் ரீடிங்தான். முதல் தடவை 20.1 மி.லி., அடுத்த தடவை 20.4. என்ன செய்வோம்? பக்கத்து டேபிளை எட்டிப் பார்த்துவிட்டு ரெக்கார்டு நோட்டில் மூன்று வரியிலும் 20.1 என்று எழுதிவிடுவோம். "ஒத்துப் போச்சுடா, வா கேன்டீனுக்கு!" இதில் நாம் எல்லோருமே கூட்டாளிகள். அப்படி 'அட்ஜஸ்ட்' செய்யாத ஒருவரின் கதைதான் இது.

காற்று ஒரு கலவை என்று பள்ளியிலேயே படித்தோம். அதிலிருந்து ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, நீராவி மூன்றையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது தூய நைட்ரஜன். நூறு ஆண்டுகளுக்கு மேலாக வேதியியலார் இப்படித்தான் நம்பியிருந்தார்கள்.

இங்கிலாந்தில் லார்டு ரேலே என்ற இயற்பியலார் வாயுக்களை எடை போட்டுக் கொண்டிருந்தார். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம் இருந்தது. அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து தயாரித்த நைட்ரஜனோ 1.2505 கிராம்தான். வித்தியாசம் மூன்றாவது தசமத்தில்! நாமாக இருந்தால் "தராசு சரியில்லை சார்" என்று சொல்லித் தப்பித்திருப்போம். அவர் விடவில்லை. வேறு வேறு சேர்மங்களிலிருந்து நைட்ரஜன் தயாரித்தார். வாயுவை எட்டு மாதம் அப்படியே வைத்திருந்து மறுபடி எடை போட்டார். வித்தியாசம் போகவே இல்லை. 1892-ல் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதி, "காரணம் யாருக்காவது தெரியுமா?" என்று வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்!

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் வேதியியல் பேராசிரியர் வில்லியம் ராம்சே இந்தப் புதிரைக் கையில் எடுத்தார். காற்று நைட்ரஜனைப் பழுக்கக் காய்ச்சிய மெக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தினார். மெக்னீசியம் நைட்ரஜனை விழுங்கிவிட்டது. கொஞ்சம் வாயு மட்டும் எதனோடும் சேராமல் அடம் பிடித்தது. அதன் நிறமாலையில் யாரும் பார்த்திராத கோடுகள்! 1894 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டில் இருவரும் புது வாயுவை அறிவித்தார்கள். எதிலும் வினைபுரியாததால் அதற்கு 'ஆர்கான்' என்று பேர் வைத்தார்கள். கிரேக்கத்தில் 'சோம்பேறி' என்று அர்த்தம்! காற்றில் அது ஏறக்குறைய 0.93 சதவீதம்.

வேடிக்கை என்னவென்றால், 1785-லேயே கேவண்டிஷ் என்ற மேதை, மின்பொறியால் காற்றிலுள்ள நைட்ரஜனை நீக்கியபோது ஒரு சின்னக் குமிழி மிஞ்சியதைப் பார்த்து, நூற்றிருபதில் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்று எழுதியும் வைத்திருந்தார். நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் குமிழியை யாரும் பொருட்படுத்தவில்லை.

1898-ல் ராம்சேயும் டிராவர்ஸும் திரவக் காற்றைப் பின்னக் காய்ச்சி வடித்து நியான், கிரிப்டான், செனான் என மூன்று தனிமங்களைப் பிரித்தார்கள். 1904-ல் ரேலேக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு அந்த ஊரே பொருத்தமான இடம் என்று யோசனை சொன்னவரும் இதே ராம்சேதான்.

வடிகட்டுதல், படிகமாக்குதல், காய்ச்சி வடித்தல் என்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். அதில் விட்டுப்போன பாடம் ஒன்று உண்டு. நமக்குத் தெரிந்ததையெல்லாம் நீக்கிவிட்டோம் என்பதற்காக, மிச்சம் இருப்பது தூய பொருள் ஆகிவிடாது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, 20.4 வந்தால் 20.4 என்றே எழுதுங்கள். மார்க் ஒன்றிரண்டு குறையலாம், பரவாயில்லை. நாங்கள் எழுதாமல் விட்டதை நீங்களாவது எழுதுங்கள்.