கைக்கண்ணாடியும் சான்றிதழும்

சென்ற வருட முற்பகுதியில், மணப்பெண் அலங்காரம் செய்யும் தோழி ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். விளிம்பைச் சுற்றிச் சிறு விளக்குகள் பதித்த கைக்கண்ணாடிகள் முந்நூறைச் சீனாவின் ஷென்ஜென் நகரிலிருந்து நேரடியாக எடுப்பிக்கப் போவதாகவும், அலுவலக மொழியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவன் என்பதால் பொருட்பாதுகாப்புப் பத்திரங்களை நான் ஒருமுறை பார்க்கவேண்டும் என்றும் கேட்டார். பார்த்தேன். முத்திரை, கையொப்பம், அறிக்கை இலக்கம் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் கடைசிப் பக்கப் படத்தில் இருந்தது கண்ணாடி அல்ல. விளக்குப் பூட்டிய, புருவ மயிர் பிடுங்கும் சாமணம். எழுதிக் கேட்டேன். அரைமணி நேரத்தில் புதிய அறிக்கை வந்தது. படத்தில் எங்கள் கண்ணாடி. சோதனை நடந்த திகதி மட்டும் மாறவில்லை.

அகதி விண்ணப்பத்தோடு இந்நாட்டு வாழ்வைத் தொடங்கிய எவருக்கும் முத்திரைக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள தூரம் புதிதல்ல. ஆகவே போலிப் பத்திரம் என்னை அவ்வளவாக உறுத்தவில்லை. உண்மையான பத்திரம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்ற கேள்வியே உறுத்தியது. அதைத் தேடியபோது முதலில் அகப்பட்டது விளக்கு அல்ல, கண்ணாடிதான்.

1700இல் இத்தாலிய வைத்தியர் பேர்னார்டினோ ரமாசினி, தொழிலாளரின் நோய்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். வெனிஸ் நகரக் கண்ணாடித் தொழிலாளர் அதில் வருகிறார்கள். தாங்கள் செய்த கண்ணாடியிலேயே தங்கள் சீரழிவை விருப்பமின்றிப் பார்க்க நேர்ந்தவர்கள் அவர்கள். காரணம் பாதரசம். வெள்ளீயத் தகட்டைக் கல்மேசையில் விரித்து, அதன்மேல் பாதரசத்தை ஊற்றி, கண்ணாடியை மெல்ல நகர்த்தி ஏற்றி, பாரம் வைத்து அழுத்துவார்கள். மிஞ்சிய பாதரசம் வழியும். அதன் ஆவி அறையெங்கும் நிற்கும்.

இத்தொழில் ஜேர்மனியில் பெருமளவு நடந்த இடம் நியூர்ன்பேர்க்கை அடுத்த ஃபியூர்த். எத்தனையோ தடவை ரயிலில் அவ்வூரைக் கடந்திருக்கிறேன். இதைப் பற்றி ஒரு சொல்லும் அறிந்திருக்கவில்லை. அருகிலுள்ள எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த அடோல்ஃப் குஸ்மவுல், இத்தொழிலாளரைப் பரிசோதித்து 1861இல் ஒரு நூல் வெளியிட்டார். கை நடுக்கம், ஈறு வீக்கம், ஓயாத எச்சில், பல் உதிர்தல். இவற்றோடு அவர் குறித்த இன்னொன்றுதான் என்னை நிறுத்தியது: அந்நியர் ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றால் இவர்கள் கூசிப்போய் வேலை செய்ய முடியாமல் தடுமாறுவார்கள். பிறர் தம்மைப் பார்த்துக்கொள்வதற்கான பொருளைச் செய்தவர்கள், தம்மைப் பிறர் பார்ப்பதைத் தாங்கமுடியாதவர்கள் ஆனார்கள்.

பாதரசம் இல்லாமல் வெள்ளிப் பூச்சிடும் முறையை லீபிக் 1850களிலேயே உருவாக்கியிருந்தார். அதுவோ உடனே சந்தையில் நிற்கவில்லை; பழைய முறை ஒழிய அந்நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாற்று வழி இருப்பதும் அது கைக்கொள்ளப்படுவதும் ஒன்றல்ல.

அடுத்தது ஒளி. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து ஒறேஞ்ச் நகரில், யுனைற்றட் ஸ்ரேற்ஸ் றேடியம் கோப்பரேஷன் என்ற கொம்பனி, இருளில் ஒளிரும் 'அன்டார்க்' என்ற பூச்சை மணிக்கூட்டு முகங்களில் பூசுவித்தது. வேலை செய்தவர்கள் இளம் பெண்கள். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள். வேடிக்கைக்காக நகத்திலும் பல்லிலும்கூட அதைப் பூசிக்கொண்டார்கள், இருட்டில் மின்னியது. பின்னர் தாடையெலும்பு உக்கத் தொடங்கியது. 1924இல் கொம்பனியே ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் செசில் ட்ரிங்கரை அழைத்து ஆராயச் சொன்னது. அவரது குழு றேடியத்தையே காரணமாகக் காட்டியது. கொம்பனி அவ்வறிக்கையை வெளியிட மறுத்ததோடு நிற்கவில்லை. அதைத் திரித்து, பெண்கள் எல்லோரும் நல்ல தேகநிலையில் இருப்பதாக மாநிலத் தொழில் திணைக்களத்துக்குத் தெரிவித்தது. உண்மையை அறிந்த ட்ரிங்கர் 1925இல் தமது ஆய்வைத் தாமே பிரசுரித்தார். கிறேஸ் ஃபிறையர் முதலான ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் ஆளுக்குப் பத்தாயிரம் டொலரோடும் வருடாந்தச் சிறு தொகையோடும் சமரசமாக முடிந்தது.

சாமணத்தின் படத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடியின் படத்தை ஒட்டியவர் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

இன்றைய பத்திரங்களுக்கு வருவோம். ஐரோப்பாவில் விற்கும் மின்பொருட்களில் காணும் சி.ஈ. குறி 1993ஆம் ஆண்டு நெறிமுறையோடு இப்பெயரில் நிலைபெற்றது. எங்களவர் பலர் அதை அரசாங்கம் கொடுத்த அங்கீகாரமாக எண்ணுகிறார்கள். இத்தகைய கண்ணாடியைப் பொறுத்தவரை அது தயாரிப்பாளர் தாமே செய்யும் பிரகடனம் மட்டுமே. வெளியிலிருந்து கொண்டுவருபவர் அதற்குப் பொறுப்பாளி. தமது கடைப் பெயரைப் பொறித்து விற்றால் சட்டத்தின் கண்ணில் அவரே தயாரிப்பாளர். இதைச் சொன்னபோதுதான் தோழியின் குரல் இறங்கியது.

ஆர்.ஓ.எச்.எஸ். எனப்படும் நச்சுப்பொருள் கட்டுப்பாடு 2006 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்தது. ஈயம், பாதரசம், அறுவலுக் குரோமியம், தீத்தடுப்புக்கான இருவகைப் புரோமின் சேர்வைகள் ஆகியவை 0.1 வீதம்; கட்மியம் 0.01 வீதம். 2019இல் பிளாஸ்டிக்கை மெதுமையாக்கும் நான்கு தலேற்றுகளும் சேர்ந்தன. முக்கியமானது கணக்கிடும் முறை. கண்ணாடியின் முழு நிறையில் அல்ல, ஒவ்வொரு ஒருசீர்ப் பொருளிலும் தனித்தனியே வீதம் பார்க்கவேண்டும்: வயரின் உறை வேறு, உள்ளே ஒட்டிய பற்றாசு வேறு, பிடியின் வர்ணம் வேறு. முழுப்பொருளுக்கும் ஒரே வரியில் முடிவு சொல்லும் அறிக்கையை நம்பவேண்டியதில்லை.

இவையெல்லாம் மேற்குலகின் வர்த்தக மதில்கள் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். ஓரளவு ஏற்கிறேன். சோதனைக் கட்டணம் பெரிய கொம்பனிக்குத் தூசு. தோழிக்கு அது ஒரு மாத வாடகை. ஆனால் ஈயம் கலந்த பற்றாசை உருக்குபவளும், கழிவை உடைத்துப் பொறுக்குபவனும் ஐரோப்பியர் அல்லவே. இச்சட்டத்தால் அவர்களுக்கும் கொஞ்சம் நன்மையுண்டு.

என் மனத்தாங்கல் வேறு. 2009இல் சீனாவின் சூஜோ நகரில், விண்ரெக் என்ற கொம்பனியின் ஆலையில் தொடுதிரைகளைத் துடைக்க, மதுசாரத்தைவிட விரைவில் காய்கிறது என்பதற்காக ஹெக்சேனைப் பயன்படுத்தினார்கள். நரம்பு பாதித்துக் கைகால் சோர்ந்தவர்கள் 137 பேர் என்று, அத்திரைகளை வாங்கிய ஆப்பிள் கொம்பனியே 2011இல் ஒப்புக்கொண்டது. ஹெக்சேன் ஆவியாகிப் போய்விடும். திரையில் ஒரு துளியும் மிஞ்சாது. அந்தத் திரையை எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாலும் அது சித்தியெய்தும். மணிக்கூட்டைக் கட்டியவர் கை உக்கவில்லை, பாதரசக் கண்ணாடியில் தலைவாரியவருக்கு நடுக்கம் வரவில்லை. பொருளைச் சோதித்து, செய்தவர் உடம்பை அறியமுடியாது. நம் பத்திரங்கள் அனைத்தும் பொருளைச் சோதிப்பவை.

தோழி அந்த வியாபாரியை விட்டுவிட்டார். வேறொருவரிடமிருந்து ஐம்பது மட்டும் எடுப்பித்தார். அதில் இரண்டை இங்குள்ள ஆய்வுகூடம் ஒன்றில் உடைத்துப் பார்க்கக் கொடுத்தோம். ஈயம் இல்லை, கட்மியம் இல்லை, தலேற்றும் எல்லைக்குள். பணம் கட்டிய பற்றுச்சீட்டோடு முடிவு வந்தது. தோழிக்குச் சந்தோசம். நான் மட்டும், அவருக்கும் சொல்லிவிட்டு, புதிய வியாபாரிக்கு ஒரு வரி எழுதினேன்: பெட்டியில் அடுக்குமுன் இக்கண்ணாடிகளை எதனால் துடைக்கிறீர்கள், துடைக்கும் அறையில் யன்னல் உண்டா?

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான மூன்று வரிகள். கூடவே இன்னொரு சான்றிதழ்.